அத்தியாயம் 7: காற்றடிக்கும் நாளில் கயோட்டியை அழைப்பது

அமெரிக்காவின் மத்தியச் சமவெளியில் காற்றில்லாத நாள் அபூர்வம். கான்சஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியிலும் டெக்சஸின் அமரில்லோவிலும் ஆண்டுச் சராசரிக் காற்றே மணிக்கு 20 கிலோமீட்டரைத் தொடும். காற்று அடங்கட்டும் என்று காத்திருந்தால் பருவம் முழுக்கக் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அங்கே வேட்டைக்குப் புதிதாக வருகிறவர் காற்றோடு சேர்த்தே இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அமைதியான காலைக்குச் சொல்லப்படும் தூரக் கணக்கு எதுவும் காற்று நாளில் செல்லாது. இந்த அத்தியாயத்தின் சாரம் ஒரே விதி: காற்று கூடக் கூடத் தூரத்தைக் குறையுங்கள். கயோட்டி படுத்திருக்கும் இடத்துக்கு இன்னும் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறையுங்கள். சுடும் தூரத்தைக் குறையுங்கள். கீழே வருவதெல்லாம் இந்த விதிக்கான காரணமும் அதைச் செயல்படுத்தும் வழியும்தான்.

மூக்கைக் கேட்டு முடிவெடுக்கும் விலங்கு

கயோட்டி நாய்க் குடும்பத்து விலங்கு. சமவெளியில் வளர்ந்த ஒன்று 9 முதல் 16 கிலோ எடை இருக்கும். அடிபட்ட முயலின் அலறலைக் கேட்டால் எளிதில் கிடைக்கும் இரை என்று வருகிறது. ஆனால் காது சொன்னதை அப்படியே நம்பிவிடாது. கண்ணால் பார்க்கும், கடைசியில் மூக்கைக் கேட்கும். சத்தம் வந்த இடத்தை நோக்கி நேராக ஓடிவரும் கயோட்டிகூடக் கிட்டே வந்ததும் வளைந்து, காற்றுவாக்கான பக்கத்துக்குச் சுற்றிப் போகப் பார்க்கும். அங்கே போய் நின்றால் கத்தும் பிராணியின் வாசம் தானாகத் தேடி வரும் என்பது அதற்குத் தெரியும்.

அந்த இடத்தில் மனித வாசம் கிடைத்தால் வேட்டை முடிந்தது. கயோட்டி திரும்பி ஓடிவிடும். அடுத்த முறை அதே சத்தத்தை நம்பி எளிதில் வரவும் வராது.

வாசனையை மறைப்பதாகச் சொல்லும் சோப்பும் தெளிப்பானும் கடைகளில் நிறைய இருக்கின்றன. புதியவர் அவற்றை நம்பி இறங்க வேண்டாம். உங்கள் வாசத்தை ஒழிக்க முடியாது. அது எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை மட்டும், உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதன் மூலம், நீங்கள் முடிவு செய்யலாம்.

சத்தத்தைக் காற்று என்ன செய்கிறது

தரையை ஒட்டிய காற்று புல்லிலும் மண்ணிலும் உராய்ந்து மெதுவாகப் போகும். மேலே போகப் போக வேகம் கூடும். இந்த வேக வித்தியாசம் சத்தத்தின் பாதையை வளைக்கிறது. காற்று போகும் திசையில் செல்லும் சத்தம் தரையை நோக்கி வளைந்து, வெகுதூரம் கேட்கும். காற்றை எதிர்த்துச் செல்லும் சத்தம் வானத்தை நோக்கி வளைந்துவிடும். அதனால் காற்று வரும் பக்கத்தில், சற்றுத் தள்ளிப் படுத்திருக்கும் கயோட்டியின் தலைக்கு மேலாகவே உங்கள் அழைப்பு போய்விடலாம். இதோடு, புல்லும் மரமும் எழுப்பும் இரைச்சலும் அதன் காதை நிறைத்திருக்கும்.

புதியவர் சிக்கிக்கொள்வது இங்கேதான். காற்றை முகத்தில் வாங்கி உட்காருங்கள் என்றுதான் எல்லோரும் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள். மென்காற்றில் அது சரி. பலத்த காற்றில் அப்படி உட்கார்ந்தால் உங்கள் சத்தம் முன்னால் இருக்கும் கயோட்டியைப் போய்ச் சேராது. நன்றாகக் கேட்பதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இருப்பவற்றுக்குத்தான், உங்கள் வாசமும் அவற்றுக்குத்தான் போகிறது. திரும்பி உட்கார்ந்து காற்றை முதுகில் வாங்கினால் சத்தம் நன்றாகப் போகும், கூடவே வாசமும் போகும். சத்தத்தையும் வாசத்தையும் காற்று ஒரே பக்கம்தான் கொண்டுபோகிறது.

இதற்கு வழி பக்கக்காற்று. கயோட்டி இருக்கும் என்று நீங்கள் நினைக்கும் இடம் காற்றுக்குக் குறுக்கே, உங்கள் வலப்பக்கமோ இடப்பக்கமோ அமைய வேண்டும். அந்தத் திசையில் சத்தம் ஓரளவுக்குப் போகும், வாசம் போகாது. ஓரளவுதான் போகும் என்பதால்தான் பக்கத்தில் போய் உட்காரச் சொல்கிறோம்.

காற்றை அளப்பது

அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை மணிவாரியாகக் காற்றின் வேகத்தைத் தருகிறது. மைல் கணக்கில் இருப்பதை 1.6-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். சராசரி வேகத்தோடு, திடீரென வீசும் வேகத்தையும் பாருங்கள். மணிக்கு 25 கி.மீ. சீராக வீசும் காற்றைக் கணக்கிட்டுச் சமாளிக்கலாம். 15-க்கும் 45-க்கும் இடையில் ஏறி இறங்கும் காற்றைச் சமாளிப்பது கடினம்.

களத்தில் கருவி இல்லாவிட்டாலும், 1805-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் வகுத்த அளவுமுறையின் நிலப் பகுதி அடையாளங்கள் போதும்.

- இலைகளும் சுள்ளிகளும் இடைவிடாமல் ஆடினால் 12–19 கி.மீ. வேட்டைக்கு ஏற்ற காற்று. வாசம் ஒரே திசையில் ஒழுங்காகப் போகும்.
- தூசி எழும்பி, சிறு கிளைகள் ஆடினால் 20–28 கி.மீ. இந்த அத்தியாயத்தின் முறைகள் இங்கே தொடங்குகின்றன.
- இலையுள்ள சிறு மரங்களே அசைந்தால் 29–38 கி.மீ. ஒதுக்கான பள்ளங்களில் மட்டும் உட்காருங்கள்.
- பெரிய கிளைகள் ஆடி, மின்கம்பிகள் விசிலடித்தால் 39–49 கி.மீ. புதியவர் துப்பாக்கியை உறையிலேயே வைத்துவிட்டு, அடுத்த முறைக்கான இடங்களைப் பார்த்து வரலாம்.

நேரத்தையும் கவனியுங்கள். வெயில் ஏறித் தரை சூடானதும் மேலடுக்கின் வேகமான காற்று கீழே கலக்கத் தொடங்கும். அதனால்தான் விடிகாலையில் லேசாக இருக்கும் காற்று பத்து மணிக்குப் பலத்து, பொழுது சாயும்போது தணிகிறது. விடிந்தபின் முதல் இரண்டு மணி நேரத்தையும் மாலையின் கடைசி ஒரு மணி நேரத்தையும் வீணாக்காதீர்கள். குளிர்முகப்பு ஒன்று கடந்து, நாள் முழுக்க அடித்த காற்று ஓய்ந்ததும் வரும் காலை மிக நல்லது. ஒதுங்கிக் கிடந்தவை பசியோடு நடமாடும்.

திசையைப் பார்க்க மில்க்வீட் பஞ்சு கொண்டுபோங்கள். நம் ஊர் எருக்கின் உறவான செடி அது. விதையோடு ஒட்டிய பட்டுப் பஞ்சு காற்றில் மிதக்கும். மாவு தூவிப் பார்த்தால் இரண்டு மூன்று மீட்டரில் கலைந்துபோகும். இந்தப் பஞ்சை ஐம்பது மீட்டர் வரை கண்ணால் தொடரலாம். மேட்டின் மறைவில் நின்று ஒரு பஞ்சை விட்டுப் பாருங்கள். சில நேரம் அது முன்னால் போய், மெல்ல எழும்பி, சுழன்று உங்கள் தோளுக்கே திரும்பி வரும். மேட்டைத் தாண்டி விழும் காற்று அங்கே சுழல்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் வாசம் நாலா பக்கமும் பரவும். மறைவாக இருக்கிறதே என்று ஆசைப்படாமல், பஞ்சு ஒரே திசையில் போகும் இடத்துக்கு நகர்ந்துவிடுங்கள்.

கயோட்டி எங்கே ஒதுங்கும்

காற்று பலத்த நாளில் கயோட்டி திறந்த வெளியில் படுக்காது. அதற்கும் காது சரியாகக் கேட்பதில்லை. பயம் கூடும், காற்று மறைவைத் தேடும். இதனால் நீங்கள் தேட வேண்டிய இடங்கள் குறைந்துவிடுகின்றன. காற்று நாள் தரும் முதல் லாபம் இது.

மரவேலிகளை முதலில் பாருங்கள். 1930களின் புழுதிப் புயல்களுக்குப் பின், ரூஸ்வெல்ட் அரசு வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சஸ் வரை 1942-க்குள் ஏறத்தாழ 22 கோடி மரங்களை வரிசை வரிசையாக நட்டது. அவற்றில் பல வரிசைகள் இன்றும் வயல் ஓரங்களில் நிற்கின்றன. ஒரு மரவேலி தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்காவது காற்றைக் கணிசமாகத் தணிக்கும். பத்து மீட்டர் உயர மரங்களுக்குப் பின்னால் நூறு மீட்டர் வரை ஒதுக்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, உழவிலிருந்து விடுவிக்கப்பட்ட புல்நிலங்கள். 1985-இன் வேளாண் சட்டம் கொண்டுவந்த பாதுகாப்பு இருப்புத் திட்டத்தில், அரிப்புக்கு ஆளாகும் நிலத்தை உழாமல் புல்லாக விடும் விவசாயிக்கு அரசு ஆண்டுதோறும் பணம் தருகிறது. இடுப்பளவு வளர்ந்த அந்தப் புல்லுக்குள் எலியும் முயலும் நிறைந்திருக்கும், கயோட்டியும் படுக்கும்.

மூன்றாவது, ஓடைப் பள்ளங்கள். குளிர்காலத்தில் வடகாற்று அடிக்கும்போது, தெற்கு நோக்கிய சரிவில் காற்றும் படாது, வெயிலும் விழும். புதியவர் ஓர் இடத்தை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் இதைத் தேர்ந்தெடுக்கட்டும்.

ஒரு பள்ளத்தை வைத்துப் பார்ப்போம்

கிழக்கு மேற்காக ஓடும் ஒரு வறண்ட ஓடைப் பள்ளத்தை எடுத்துக்கொள்வோம். காற்று வடக்கிலிருந்து தெற்காக அடிக்கிறது. மேற்குக் கோடியில், தெற்கு நோக்கிய சரிவில் புதர்கள் அடர்ந்திருக்கின்றன. கயோட்டி அங்கே படுத்திருக்கும் என்பது உங்கள் ஊகம்.

வண்டியைத் தென்கிழக்கே, மேடு மறைக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து வடக்கே பள்ளத்தை நோக்கி நடந்தால் உங்கள் வாசம் பின்னாலேயே போய்விடும். புல்லின் இரைச்சல் காலடிச் சத்தத்தை மூடிவிடும். அமைதியான நாளில் ஐந்நூறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டிய இடத்துக்கு இன்று இருநூறு மீட்டர் வரை நெருங்கலாம். காற்று நாளின் இரண்டாவது லாபம் இது.

வடகரைச் சரிவின் கீழ்ப்பாதியில், ஜூனிபர் புதர் ஒன்றுக்கு முன்னால், அதற்கு முதுகு கொடுத்துத் தென்மேற்கு பார்த்து உட்காருங்கள். புதருக்குப் பின்னால் ஒளிந்தால் உங்களுக்குத்தான் எதுவும் தெரியாது. ரிமோட்டில் இயங்கி முயல் அலறலை எழுப்பும் ஒலிப்பானை உங்களுக்கு மேற்கே நாற்பது மீட்டர் தள்ளி வையுங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் வாசம் உங்களிடமிருந்து நேர் தெற்கே, போகப் போக அகன்றபடி செல்கிறது. கயோட்டி மேற்கிலிருந்து வருகிறது. ஒலிப்பானின் தெற்குப் பக்கத்துக்குச் சுற்றிப் போய் மோப்பம் பிடிக்க நினைக்கிறது. அது போக விரும்பும் இடம் உங்கள் வாசம் ஓடும் தடத்துக்கு மேற்கே இருக்கிறது. உங்கள் வாசத்தைத் தொடுவதற்கு முன்பே அது உங்கள் துப்பாக்கிக்கு முன்னால், திறந்த தரையில், ஒலிப்பானைப் பார்த்தபடி நிற்கும். அங்கேயே சுட வேண்டும். இன்னும் கிழக்கே வர விட்டால் வாசத்தில் இறங்கிவிடும்.

உட்கார்ந்ததும் ஒரு பஞ்சை விட்டு, அது போகும் வழியில் ஒரு புதரையோ கல்லையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கயோட்டி அந்த அடையாளத்தைத் தாண்டக் கூடாது. காற்றுவாக்கான பக்கம் நூற்றைம்பது மீட்டராவது கண்ணுக்குத் திறந்திருக்க வேண்டும். புதர் மண்டிய பக்கமாக உங்கள் வாசம் போகிறதென்றால், வந்து போன கயோட்டியை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

ஒலிப்பான் இல்லாமல் ஊதுகுழலை மட்டும் வைத்திருந்தால் சத்தமும் வாசமும் ஒரே ஆளிடமிருந்து புறப்படும். அப்போது துணை தேவை. ஊதுகிறவர் காற்று வரும் பக்கத்தில் இருக்க, சுடுகிறவர் காற்றுவாக்கில் சற்றுத் தள்ளி உட்காரலாம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி இருக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் மட்டும் சுடலாம் என்பதை உட்காரும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

அழைக்கும் முறை

ஊதுகுழலில் இரண்டு வகை உண்டு. சீவாளி உள்ளே மூடியிருக்கும் வகையை யாரும் முதல் நாளே ஊதலாம். சீவாளி வெளியே திறந்திருக்கும் வகைக்குப் பல்லும் உதடும் பழக வேண்டும், ஆனால் அதில் சத்தமும் கூடுதல், ஊளையும் வரும். மூடிய வகையில் தொடங்கி, திறந்த வகையை வீட்டில் பழகுங்கள்.

அமைதியான நாளில் மெல்லத் தொடங்கி உயர்த்துவது வழக்கம். காற்று நாளில் முதல் ஒரு நிமிடத்துக்குப் பிறகு தயங்காமல் சத்தத்தைக் கூட்டுங்கள். காட்டன்டெய்ல் முயலின் கீச்சுக் குரலைவிட ஜாக்ராபிட்டின் கரகரத்த, நீண்ட அலறல் நல்ல தேர்வு. காற்று ஒரே சீராக வீசாது. வீச்சுக்கு நடுவே சில நொடி தணியும். கன்னத்தில் அந்தத் தணிவை உணர்ந்ததும் ஊதுங்கள். வீச்சு உச்சத்தில் இருக்கும்போது மூச்சைச் செலவழிக்க வேண்டாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை இணை சேரும் பருவம். அப்போது ஒரு தனி ஊளை பலன் தரும். மற்றபடி புதியவர் முயல் சத்தத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஓர் இடத்தில் பதினைந்து நிமிடம் போதும். அமைதியான நாளில் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப் போய் அடுத்த இடத்தில் உட்காருவார்கள். காற்று நாளில் அறுநூறு, எழுநூறு மீட்டர் தள்ளினாலே உங்கள் சத்தம் இதுவரை எட்டாத புது நிலத்துக்கு வந்துவிடுவீர்கள்.

சுடும் தூரம்

கயோட்டி வேட்டையில் பரவலாகப் பயன்படும் .223 ரெமிங்டன் ரைஃபிளையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 16 கி.மீ. பக்கக்காற்றில், 55 கிரெயின் குண்டு 180 மீட்டரில் ஏறக்குறைய 10 செ.மீ. விலகும். காற்று இரட்டித்தால் விலகலும் இரட்டித்து 20 செ.மீ. ஆகும். பக்கவாட்டில் நிற்கும் கயோட்டியின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி 10 முதல் 12 செ.மீ. அகலம்தான். அதே காற்றில் 90 மீட்டரில் விலகல் 5 செ.மீ.தான். தூரத்தைப் பாதியாக்கினால் விலகல் கால்வாசியாகிறது. எல்லாத் தூரத்தையும் குறையுங்கள் என்ற விதி இங்கே எண்ணாகவே தெரிகிறது.

தவிர, உங்கள் கன்னத்தில் படும் காற்று வேறு, பள்ளத்தின் நடுவே வீசும் காற்று வேறு. அந்த வித்தியாசத்தைக் கண்ணால் கணிக்கப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். ஆகவே தூசி எழும் காற்றில் நூறு மீட்டருக்கு மேல் சுடுவதில்லை என்று தீர்மானம் செய்துகொள்ளுங்கள். முக்காலி ஊன்றுகோலில் ரைஃபிளை வைத்து, உட்கார்ந்தே சுடுங்கள். மரவேலிக்குள் நெருங்கி உட்காரும் நாளில் 12 கேஜ் ஷாட்கன் பொருத்தமானது. அதற்கு முப்பத்தைந்து மீட்டர் எல்லை.

அடிபட்டு ஓடிய கயோட்டி புல்லுக்குள் போய்ப் பல மணி நேரம் வேதனைப்பட்டுச் சாகும். ஆட்டுக்குட்டிகளையும் கன்றுகளையும் காப்பாற்றத்தான் பண்ணைக்காரர்கள் வேட்டைக்காரரை அழைக்கிறார்கள். அந்தக் காரணம் எந்த விலங்கையும் அரைகுறையாகச் சுடும் உரிமையைத் தராது. ஒரே குண்டில் முடியும் என்ற உறுதி இல்லையென்றால் விரலை எடுத்துவிடுங்கள். குட்டிகள் வளையில் இருக்கும் ஏப்ரல் முதல் கோடை முடியும் வரை, பண்ணைக்காரருக்கு உடனடி நட்டம் இல்லாதபட்சத்தில், அழைக்கவே போகாதீர்கள். தாய் செத்தால் குட்டிகள் பட்டினியில் சாகும்.

சுடுவதற்கு முன் உறுதி செய்ய வேண்டியவை

காற்றில் கண்ணீர் வழியும், புல் அலையும், விலங்கு அரைகுறையாகத் தெரியும். கூரிய பெரிய காது, ஒடுங்கிய முகவாய், தாழ்ந்து தொங்கும் வால், இவை மூன்றும் தெரிந்தால்தான் கயோட்டி. ஓநாய் பல மாநிலங்களில் மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் வாழும் மெக்சிகன் ஓநாய் மற்ற ஓநாய்களைவிடச் சிறியது, கயோட்டி என்று தவறாக நினைப்பது எளிது. பண்ணை நாயும் முயல் சத்தத்துக்கு வரும். சந்தேகம் இருந்தால் சுடக் கூடாது.

கான்சஸில் கயோட்டிக்கு ஆண்டு முழுதும் பருவம், எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆனால் வேட்டை உரிமம் வேண்டும். 1957 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைக் கல்விச் சான்றும் பெற்றிருக்க வேண்டும். அந்த மாநில நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது. சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் வேலியைத் தாண்டாதீர்கள். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். கிளம்பும் முன் மாநில வனவிலங்குத் துறையின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தைப் படியுங்கள்.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் தமிழர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். குடியேற்றம் சாராத விசாவில் உள்ளவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. விதிவிலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். வயோமிங்கில் கயோட்டியைச் சுட உரிமம் தேவையில்லை என்று நண்பர் சொல்வார். அவருக்கு அது பொருந்தும். நீங்கள் உரிமம் இல்லாமல் அவருடைய துப்பாக்கியைக் கையில் வாங்கினாலே குற்றமாகிவிடலாம். உரிமத்தை முதலில் எடுங்கள், ஐயமிருந்தால் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

பயிற்சி

முதல் வேட்டைக்கு முன், தூசி எழும் ஒரு நாளில் துப்பாக்கி இல்லாமல் நண்பரோடு திறந்த வெளிக்குப் போங்கள். ஒலிப்பானை நடுவில் வைத்து, முழுச் சத்தத்தில் முயல் அலறலை ஓட விடுங்கள். நண்பர் முதலில் காற்றுவாக்கில் நடக்கட்டும், பிறகு காற்றுக்குக் குறுக்கே, பிறகு காற்றை எதிர்த்து. ஒவ்வொரு திசையிலும் சத்தம் மறையும் இடத்தில் நின்று தொலைபேசியில் சொல்லட்டும், நீங்கள் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஒலிப்பான் இருந்த இடத்தில் உட்கார்ந்து பஞ்சை ஒவ்வொன்றாக விட்டு, அவை போகும் தடத்தை அதே தாளில் வரையுங்கள்.

கயோட்டியின் காது மனிதக் காதைவிடக் கூர்மையானது. ஆகவே அந்தத் தூரங்கள் அதற்கு அப்படியே பொருந்தா. மூன்று திசைகளுக்கும் உள்ள வித்தியாசம் பொருந்தும். அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த காற்று நாளில் எங்கே உட்காருவது என்ற கேள்வி வரும்போது, அதைப் பார்த்தே முடிவெடுங்கள்.